கோழிக்கால் என்ன விலை?

கோழிக்கால்னு சொன்னதும் பட்டணத்து நண்பர்களுக்கு லெக் பீஸ்தான் ஞாபகத்துக்கு வரும். நான் சொல்லப் போறது அது இல்லைங்க. கணுவுக்குக் கீழே செதில் செதிலா, நாலு விரலும் நகமுமா இருக்குமே, கறிக்கடைக்காரர் வெட்டி டிரம்முல தூக்கிப் போடுவாரே, அந்தக் கால். பாதம்னு சொன்னாத்தான் சரியா இருக்கும்.

நாம திரும்பிக்கூடப் பார்க்காத இந்தப் பாதத்தை வச்சு அமெரிக்காவும் சீனாவும் வருசக்கணக்கா வழக்காடியிருக்காங்க. உலக வர்த்தக நிறுவனம் வரைக்கும் போன வழக்கு. அதுல ஒரு கேள்வி வந்தது: ஒரு கோழியை வளர்க்க ஆகிற செலவுல அதோட பாதத்துக்கு எவ்வளவு? படிக்கிறதுக்குச் சிரிப்பா இருக்கும். ஆனா கொட்டகை போட்டுக் கறிக்கோழி வளர்க்கிற எனக்கு அது சிரிப்பான கேள்வி இல்லை. அதனாலதான் இந்தக் கதையை எழுதணும்னு தோணுச்சு.

முதல்ல நம்ம ஊர்ப் பழக்கம். நான் சின்னப் பையனா இருந்தப்போ நாட்டுக்கோழி அடிக்கிறதுன்னா விருந்தாளி வரணும், இல்லைன்னா நோம்பி வரணும். ஒரு கோழிக்குப் பத்துப் பேர் சாப்பிடணும். அதுல எதையும் வீசமாட்டாங்க. பாதத்தை அடுப்புத் தணல்ல வாட்டினா மேல்தோல் உறை மாதிரி கழண்டு வரும். நக நுனியை வெட்டிட்டு, மஞ்சள் தேச்சுக் கழுவிச் சாத்துக்குப் போட்டுருவாங்க. சாறு கெட்டியாகிறதே அந்தப் பாதத்தாலதான். சமைக்கிறதுக்கு முன்னாடி எங்களுக்கு அது ஒரு விளையாட்டுச் சாமான். வெட்டின இடத்துல வெள்ளையா நரம்பு தெரியும், அதைப் புடிச்சு இழுத்தா விரல் மடங்கும், விட்டா விரியும். தங்கச்சியைப் பயமுறுத்த அதைவிட நல்ல சாமான் கிடையாது. சாப்பாட்டுல கறித்துண்டு விருந்தாளிக்கும் ஆம்பளைங்களுக்கும் போகும். தலை, கழுத்து, பாதம் எல்லாம் அம்மாவுக்கும் ஆத்தாவுக்கும்தான். அவங்க அதை ரசிச்சுத்தான் சாப்பிட்டாங்க. ஆனா வேற துண்டு வேணுமான்னு யாரும் அவங்களைக் கேட்டதா எனக்கு ஞாபகம் இல்லை.

இப்போ சீனாவுக்கு வருவோம். அங்கே பாதம் மிச்சம் மீதி இல்லை, கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற பண்டம். தெற்கே குவாங்டாங் மாகாணத்திலும் ஹாங்காங்கிலும் காலை, மதிய நேரங்களில் தேநீரோடு சின்னச் சின்ன மூங்கில் கூடைகளில் பலகாரம் பரிமாறுவார்கள். டிம் சம் என்று பெயர். அதில் கோழிப்பாதம் இல்லாமல் இருக்காது. அதற்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் 'ஃபுங் ஜாவ்'. ஃபீனிக்ஸ் பறவையின் நகம் என்று அர்த்தம். கோழி என்ற பேச்சே அதில் இல்லை, புராணத்துப் பறவையாக ஆக்கிவிட்டார்கள்.

செய்முறையும் லேசுப்பட்டதல்ல. நகத்தை நறுக்கிவிட்டு, பாதத்தை முதலில் எண்ணெயில் பொரிப்பார்கள். பொரித்ததைத் தண்ணீரில் ஊற வைத்தால் தோல் உப்பிச் சுருங்கிப் பஞ்சு மாதிரி ஆகும். அப்புறம் அன்னாசிப்பூ மாதிரியான மசாலாவில் மெதுவாக வேகவைத்து, புளிக்கவைத்த கறுப்புச் சோயாவோடு ஆவியில் வைத்து எடுப்பார்கள். வாயில் போட்டால் தோல் தானாகக் கழன்று வரும், எலும்பை ஒவ்வொன்றாகத் துப்ப வேண்டும். உள்நாட்டில் சிச்சுவான், சோங்சிங் பக்கம் வேறு மாதிரி. வேகவைத்த பாதத்தை ஊறுகாய் மிளகாய்த் தண்ணீரில் ஊறப்போட்டு, குளிர்ச்சியாகக் கொறிப்பார்கள். நாம ரயில்ல கடலை வாங்குற மாதிரி அங்கே பாக்கெட்டில் கிடைக்கும். இதைப் பாக்கெட்டில் போட்டு விற்பதையே பிரதானத் தொழிலாகக் கொண்ட ஒரு கம்பெனி 2019இல் ஷாங்காய் பங்குச் சந்தையில் பட்டியலாகிற அளவுக்கு வியாபாரம்.

பாதத்தில் கறி என்று எதுவும் இல்லையே, எதற்கு இந்தப் பாடு என்று நமக்குத் தோன்றும். அங்கே ருசி மட்டும் கணக்கு இல்லை. வாய்க்குள் அது வழவழக்கிறதா, மெல்லும்போது இழுக்கிறதா என்பதும் கணக்கு. தோல், நரம்பு, குருத்தெலும்பு மூன்றும் சேர்ந்தது பாதம். வேகவைத்தால் பசையாக இளகுகிற கொலாஜன் நிறைய உண்டு. நம்ம ஆட்டுக்கால் பாயாவுக்கு விரலெல்லாம் ஒட்டுமே, அதே சங்கதிதான்.

இனி அமெரிக்கா. 1923இல் டெலவேர் மாநிலத்தில் சிசில் ஸ்டீல் என்ற அம்மா முட்டைக்காக 50 குஞ்சு கேட்டார். தவறுதலாக 500 வந்து இறங்கிவிட்டது. திருப்பி அனுப்பாமல் கறிக்கென்றே வளர்த்து விற்றார், லாபம் வந்தது. அடுத்தடுத்த வருசம் எண்ணிக்கையைக் கூட்டினார். கறிக்கோழித் தொழில் அங்கே தொடங்கியதாகத்தான் சொல்வார்கள். 1940களில் 'நாளைய கோழி' என்று போட்டியே நடத்தி, நெஞ்சுக்கறி அதிகமுள்ள, சீக்கிரம் வளர்கிற இனங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்று நம்ம கொட்டகையில் வளர்கிற வெள்ளைக் கோழியும் அந்த வழியில் வந்ததுதான்.

ஆரம்பத்தில் அமெரிக்கர்கள் கோழியை முழுசாகத்தான் வாங்கினார்கள். போகப் போகத் துண்டாக வாங்கினார்கள், அப்புறம் எலும்பே இல்லாமல் கேட்டார்கள். மெக்டொனால்ட்ஸ் கடைகளில் 1983இல் நாடு முழுக்கச் சிக்கன் நக்கெட் வந்தது. நெஞ்சுக்கறிக்குத்தான் மவுசு. மீதியை என்ன செய்வது? தொடையும் காலும் கப்பலேறின. 1990களில் ரஷ்யாவுக்குப் போன அமெரிக்கக் கோழிக்காலுக்கு, அப்போதைய ஜனாதிபதி பேரில் 'புஷ்ஷின் கால்' என்றே மக்கள் பட்டப்பெயர் வைத்தார்கள். பாதத்தை மட்டும் தின்ன ஆளில்லை. சிறகு, குடலோடு சேர்த்து அரைத்து, நாய், பூனைத் தீனிக்கும் எருவுக்கும் தள்ளிவிட்டார்கள்.

அங்கே வருசத்துக்கு வெட்டுகிற கோழி இன்றைக்கு 900 கோடிக்கு மேல். அப்படியென்றால் பாதம் 1,800 கோடி. இந்தப் பக்கம் இத்தனை பாதம் குப்பையாக, அந்தப் பக்கம் பாதத்துக்கு ஏங்குகிற சனம். 1990களில் ரெண்டையும் வியாபாரிகள் ஹாங்காங் வழியாக முடிச்சுப் போட்டார்கள். கசாப்பு ஆலைகளில் பாதத்துக்கென்றே தனி வரிசை வந்தது. வெந்நீரில் நனைத்து, ரப்பர் விரல் வைத்த உருளையில் சுற்றவிட்டு மஞ்சள் தோலை உரித்து, குளிரவைத்துத் தரம் பிரித்தார்கள். சேவலுக்கு முள் முளைக்குமே, ஏறக்குறைய அந்த இடத்தில் வெட்டினால் 'பா', மேலே கணு வரைக்கும் விட்டு வெட்டினால் 'ஃபீட்' என்று ரெண்டு சரக்கு. 'பா'வில் தழும்பு, புண் இல்லாதது முதல் தரம். உள்ளூரில் சில சென்ட்டுக்கு மேல் போகாத பொருளுக்குச் சீனாவில் பல மடங்கு விலை. கறியில் லாபம் குறைகிற காலத்தில் கம்பெனிகளைத் தாங்கிப் பிடித்ததில் பாதத்துக்குப் பங்கு உண்டு.

வியாபாரம் பெருத்தால் வம்பும் கூடவே வரும் இல்லீங்களா? 2009 செப்டம்பரில் சீன டயருக்கு அமெரிக்கா 35 சதவீதம் கூடுதல் வரி போட்டது. ரெண்டே நாளில் சீனா, அமெரிக்கக் கோழி மீதும் வாகனப் பொருள்கள் மீதும் விசாரணை அறிவித்தது. டயருக்கும் கோழிப்பாதத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கப்படாது. அடிச்சா வலிக்கிற இடம் எதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது. அமெரிக்கா அடக்க விலைக்கும் குறைவாக விற்று எங்கள் கோழிப் பண்ணைக்காரர்களைக் கெடுக்கிறது என்பது சீனாவின் குற்றச்சாட்டு. 2010 செப்டம்பரில் பெரும்பாலான அமெரிக்கக் கோழிச் சரக்குக்கு 50.3 முதல் 105.4 சதவீதம் வரை பொருள்குவிப்புத் தடுப்பு வரி விழுந்தது.

அமெரிக்கா 2011இல் உலக வர்த்தக நிறுவனத்துக்குப் போனது. அங்கேதான் நான் முதலில் சொன்ன கேள்வி. அடக்க விலைக்குக் குறைவாக விற்றார்கள் என்று சொல்ல வேண்டுமானால், முதலில் பாதத்தின் அடக்க விலை தெரிய வேண்டும். சீனா எடையை வைத்துக் கணக்குப் போட்டது: கோழி வளர்க்க ஆன மொத்தச் செலவை எடைக்குப் பங்கு போட்டால், ஒரு கிலோ நெஞ்சுக்கறிக்கும் ஒரு கிலோ பாதத்துக்கும் ஒரே அடக்கம். அந்தக் கணக்கில் பாதம் நிச்சயம் நஷ்டத்துக்குத்தான் போகிறது. அமெரிக்கக் கம்பெனிகள் ஒத்துக்கொள்ளவில்லை. நாங்கள் கோழி வளர்ப்பதே நெஞ்சுக்காக, விற்கிற விலைக்குத் தகுந்தபடிதான் செலவைப் பிரிக்க வேண்டும், பாதத்தின் பங்கு கொஞ்சம்தான் என்றார்கள். 2013இல் தீர்ப்பு பெரும்பாலான விசயங்களில் அமெரிக்கா பக்கம் வந்தது. கம்பெனிகளின் கணக்கை ஒதுக்கிவிட்டு எடைக் கணக்கை எடுத்துக்கொண்ட விதம் தப்பு என்றது நடுவர் குழு. ஆனாலும் வரி முழுசாக நீங்க 2018 பிப்ரவரி ஆகிவிட்டது.

அதற்குள் வேறு கதவும் சாத்தியாகிவிட்டது. அமெரிக்காவில் பறவைக் காய்ச்சல் வந்ததைக் காரணம் காட்டி, 2015 ஜனவரியில் அந்த நாட்டுக் கோழிச் சரக்கையே சீனா தடை செய்தது. இடையில் பிரேசில் நன்றாக விற்றது. 2018இல் சீனாவில் பன்றிகளுக்கு ஆப்பிரிக்கக் காய்ச்சல் பரவி, பன்றிக்கறிக்குப் பஞ்சம் வந்தது. 2019 நவம்பரில் தடை நீங்கியது. 2020இல் அமெரிக்கா சீனாவுக்கு அனுப்பிய கோழிச் சரக்கில் பெரும்பங்கு பாதம்தான். 2025 மார்ச்சில் வரிச் சண்டை மறுபடி மூண்டபோது, சீனா 15 சதவீதம் வரி போட்ட பட்டியலில் அமெரிக்கக் கோழியும் இருந்தது.

சீனாவில் மட்டும்தான் பாதம் தின்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். பிலிப்பைன்ஸ் நாட்டுத் தெருவோரத்தில் கரியில் வாட்டிய பாதத்துக்கு 'அடிடாஸ்' என்று பெயர், செருப்புக் கம்பெனி ஞாபகமாக. தலைக்குப் பெயர் 'ஹெல்மெட்'. ஜமைக்காவில் பாதம் போட்ட சூப் பிரசித்தம். கொரியாவில் கண்ணில் தண்ணி வருகிற காரத்தில் பிரட்டுவார்கள். தென்னாப்பிரிக்காவின் கறுப்பர் குடியிருப்புகளில் பாதத்தையும் தலையையும் சேர்த்து விற்பதற்கு 'வாக்கி டாக்கி' என்று பெயர். நடப்பது ஒன்று, பேசுவது ஒன்று. நல்ல கறி வாங்க வழியில்லாத சனங்கள், கையில் கிடைத்ததை ருசியாக்கிப் பெயரும் வைத்திருக்கிறார்கள். அதைப் படிச்சப்போ எனக்கு எங்க ஆத்தா ஞாபகம்தான் வந்துச்சு.

சரி, இதுல வளர்க்கிறவன் எங்கே இருக்கான்? எங்க பக்கம், பல்லடம், உடுமலை வட்டாரத்துல, 1990கள்ல இருந்து ஒப்பந்தப் பண்ணை முறை பரவுச்சு. குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியோடது. கொட்டகை, தண்ணி, கரண்ட், உழைப்பு நம்மளது. 40, 45 நாள்ல புடிச்சுட்டுப் போவாங்க. உயிர் எடைக்குக் கிலோவுக்கு இவ்வளவுன்னு வளர்ப்புக் கூலி. அமெரிக்காவிலயும் ஏறக்குறைய இதே முறைதான். அங்கே ஒரே வாரத்துல கோழி கொடுத்த பண்ணைகளை ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டு வரிசைப்படுத்திக் கூலியைக் கூட்டிக் குறைக்கிறதும் உண்டு.

பாதம் சரக்கா மாறினதும் பண்ணை வேலையும் மாறுச்சு. அதைப் புரிஞ்சுக்க லிட்டர் தெரியணும். கொட்டகைத் தரையில தென்னை நார்த்தூளோ நெல் உமியோ பரப்புவோம், அதுக்கு லிட்டர்னு பேரு. கோழி ராவும் பகலும் அதுமேலதான் நிக்கும். மழைக்காலத்துல ஈரம் ஏறினா, தண்ணிக் குழாய் நிப்பிள் ஒழுகினா, எச்சத்தோட சேந்து அடை அடையா இறுகிரும். அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும். அந்த ஈரத்துலயே நின்னு நின்னு கோழியோட பாதத்துக்கு நடுவுல கறுப்புப் பொட்டு விழும், அப்புறம் புண்ணாகும். புண்ணு வந்த கோழி நடக்க மாட்டாம ஒரே இடத்துல உக்காந்துரும். தீனி எடுக்காது, எடை வராது.

அமெரிக்காவில் இந்தப் புண்ணைக் கம்பெனிகள் உற்றுப் பார்க்க ஆரம்பித்ததற்குப் பாத ஏற்றுமதி ஒரு முக்கியக் காரணம். புண் இருந்தால் முதல் தரம் போய்விடும். சுவீடனில் வேறு காரணம். அங்கே 1990களிலிருந்தே ஆலையில் கோழியின் பாதத்தைப் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். பாதம் நன்றாக இருந்தால் பண்ணை நன்றாக நடக்கிறது என்று கணக்கு. கொட்டகையில் எத்தனை கோழி விடலாம் என்பதே அதைப் பொறுத்து முடிவாகும். எனக்கு அந்த முறை ரொம்பப் பிடிச்சிருக்குது. வளர்த்தவனோட வேலை கோழியோட பாதத்துல எழுதியிருக்கும்கறது நிசம்தானுங்க.

ஐப்பசி, கார்த்திகையில நானும் வீட்டுக்காரியும் விடிகாலையில கொட்டகைக்குள்ள போனா, லிட்டரைக் கிளறிவிட ரெண்டு மணி நேரம் ஆகும். சாயந்தரம் ஒருக்கா. இறுகின அடையை அள்ளி வெளியே போட்டு, சுண்ணாம்பு தூவி, காஞ்ச நார்த்தூள் போடணும். 5,000 கோழிக்கு இதுதான் பாடு. ரெண்டு கிலோ கோழியோட பாதம் ரெண்டையும் எடை போட்டுப் பார்த்தேன், 80 கிராம் சுத்தி வருது. அப்படின்னா ஒரு பேட்ச்சுக்கு 400 கிலோ பாதம். எனக்கு உயிர் எடைக்குக் கூலிங்கறதால பாதத்துக்கும் நெஞ்சுக்கும் ஒரே ரேட். சீனா போட்ட அதே கணக்கு. புண்ணில்லாம வளர்த்தா நாளைக்கு யாராவது அதை நல்ல விலைக்கு விக்கலாம். இங்கே எனக்கு அதுல பைசா கிடையாது. அந்த வழக்குல ரெண்டு தரப்பும் என்னை மாதிரி ஒருத்தனைக் கேட்டிருந்தா ஒண்ணு சொல்லியிருப்பேன். நான் கொட்டின தீவனம் நெஞ்சுக்குத் தனியா, பாதத்துக்குத் தனியா போகலைங்க. விடிகாலை வேலை மட்டும் பாதத்துக்குன்னே தனியாப் போகுது. எந்தக் கணக்குலயும் அதுக்குத் தனியா ஒரு வரி இல்லை.

நம்ம ஊர்ல ஏன் பாதம் சரக்காகலைன்னு கேக்கலாம். முக்கியக் காரணம் நாம கோழி வாங்குற விதம். நம்ம சனத்துல பெரும்பாலானவங்களுக்குக் கண்ணு முன்னாடி உயிர்க்கோழியை வெட்டித் தரணும். கோழி ஆயிரக்கணக்கான சின்னக் கடைகள்ல வெட்டுப்படுது. ஒரு ஆலையில லட்சம் பாதம் சேந்தாத்தான் மெஷின் போட்டுத் தோல் உரிச்சு, உறையவச்சு, கப்பலேத்த முடியும். கடைக்கு அம்பது, நூறுன்னு சிதறிக் கிடந்தா அது கழிவுதான். தலை, குடல், சிறகோட கலந்து டிரம்முல போகுது. சில இடத்துல அரைச்சுத் தீவனமாக்குறாங்க. சில இடத்துல வளர்க்கக் கூடாதுன்னு அரசாங்கம் தடை போட்ட ஆப்பிரிக்கக் கெளுத்திக்குத் திருட்டுத்தனமாப் போடுறாங்க. மிச்சம் ராத்திரியோட ராத்திரியா ஓடையிலயும் ரோட்டோரத்துலயும் கொட்டுப்படுது. கேரளாவுல இருந்து லாரியில கொண்டாந்து நம்ம எல்லைக் கிராமங்கள்ல கொட்டுற சேதியைப் பேப்பர்ல பார்த்திருப்பீங்க. அமெரிக்காவுல டாலரா மாறுறது நம்ம ஊர்ல நாத்தமா மாறுது.

இப்போ கொஞ்சம் மாற்றம் தெரியுது. திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் எங்க பக்கத்து விசைத்தறிக்கும் வடக்கே இருந்து, அசாம் பக்கமிருந்து பசங்க வந்திருக்காங்க. எங்க ஊர்க் கறிக்கடையில ஞாயித்துக்கிழமை அவங்க பாதத்தைக் கேட்டு வாங்கிட்டுப் போறாங்க. மொதல்ல சும்மா கொடுத்துட்டிருந்த கடைக்காரர், ரெண்டு பேர் கேட்க ஆரம்பிச்சதும் கிலோவுக்கு விலை வச்சுட்டார். வியாபாரம்கறது இப்படித்தானே தொடங்குது. ஹாங்காங்லயும் கேக்க ஆள் இருந்ததாலதான் அது சரக்காச்சு.

வாங்கிச் செஞ்சு பார்க்கணும்னு தோணுனா கறுப்புப் பொட்டு, புண்ணு இல்லாத பாதமாப் பார்த்து எடுங்க. கொதிக்கிற தண்ணியில அரை நிமிசம் போட்டு எடுத்தா மேல்தோல் கையோட வந்துரும். நக நுனியை வெட்டிட்டு, மஞ்சள், கல்லுப்பு போட்டுத் தேச்சுக் கழுவுங்க. சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகம் தட்டிப்போட்டுக் குக்கர்ல ஆறேழு விசில். சாறு ஆறினா உதடு ஒட்டணும், அதுதான் பதம். வீட்டுல வயசான அம்மா, ஆத்தா இருந்தா மொதல்ல அவங்களுக்கு ஒரு டம்ளர் ஊத்திக் கொடுங்க. கூடவே ஒரு நல்ல நெஞ்சுக்கறித் துண்டும் வையுங்க.